பைண்டிங் அறையில் சத்தமாகப் படித்தது குறித்து

அனுப்புநர்
பொது நிர்வாகம், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி (தொலைநிலைக் கல்வி),
பணி: மருத்துவமனைச் சலவைப் பிரிவில் துணி மடிப்பவர்.
(பெயர், பதிவெண், முகவரி ஆகியவை இணைப்பில் உள்ள அடையாள அட்டை நகலில் கண்டபடி)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொலைநிலைக் கல்வி இயக்ககம்.

நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நூலகர், கற்றல் மையம்.

பொருள்: நான்காம் தாள் தேர்வில் எங்கள் மைய மாணவர்கள் ஒரே வாக்கியத்தை எழுதியதற்கு விளக்கம் அளித்தல் – நிறுத்தி வைக்கப்பட்ட முடிவுகளை வெளியிடவும், நூலகத்தின் பைண்டிங் அறையைத் திறந்துவிடவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (அ) விசாரணைக் குழு எனக்கு அனுப்பிய அழைப்பு. (ஆ) நூலகச் சேவை பற்றிய மாணவர் திருப்தி ஆய்வின் முடிவு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபடி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. விசாரணைக் குழுவின் முன் நான் வாயால் சொல்ல வேண்டியதை எழுத்தில் தருகிறேன். நேரில் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பாதியை விழுங்கிவிடுவேன். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. கோபம் வந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போகலாம். இந்த மனு அப்படி விட்டு விட்டு எழுதப்பட்டது. ஆங்காங்கே மையின் நிறம் மாறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. நடந்தது தங்களுக்குத் தெரிந்ததே. நான்காம் தாளில் "அதிகாரம் என்றால் என்ன? விளக்குக" என்ற கேள்வி வந்தது. எங்கள் கற்றல் மையத்தைச் சேர்ந்த தொலைநிலை மாணவர்களில் ஒருவர் நீங்கலாக அனைவரும் பின்வரும் வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள்:

"அதிகாரம் சாவியை வைத்திருப்பவரிடம் இல்லை, சாவி எங்கே என்று எல்லோரும் யாரைக் கேட்கிறார்களோ அவரிடம் இருக்கிறது."

திருத்தியவர் பரிந்துரை நூலைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் இந்த வாக்கியம் இல்லை. நூலகத்தில் உள்ள வேறு எந்த நூலிலும் இல்லை. ஆகவே இது கூட்டாகச் செய்த காப்பி என்று முடிவுசெய்து முடிவுகளை நிறுத்திவிட்டார்கள். சிலர் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் மேற்கோள் குறி இட்டு, நூலாசிரியர் சொன்னதாகவே எழுதி, பக்கத்தில் ஓர் ஆண்டும் போட்டிருக்கிறார். அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

3. அந்த வாக்கியத்தை எழுதாத ஒருவர் நான். என் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். அதனால்தான் குழு என்னை அழைத்தது. குழுவில் இருந்த அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். பிறகு, "நீங்க ஒருத்தர்தாம்மா சுத்தமா இருக்கீங்க. இது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க. அந்த ஒருத்தரோட முடிச்சுக்கறோம். மத்தவங்க ரிசல்ட்ட விட்டுடறோம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசித்ததன் விளைவே இந்த மனு.

4. முதலில் நூலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்காம் தாளுக்கான பரிந்துரை நூல் எங்கள் மையத்தில் ஒரே ஒரு பிரதி. முதுகில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று அதற்குப் பொருள். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, செல்போனில் படம் பிடிக்கக் கூடாது என்று பலகையும் உண்டு. கடைகளில் அந்த நூல் வருவதில்லை. மின்நூலகம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. எங்களுக்குக் கடவுச்சொல்லும் தந்திருக்கிறார்கள். ஆனால் அது வளாகத்துக்குள் இருக்கும் கணினியில் மட்டுமே திறக்கும். தொலைவில் இருப்பவர்களுக்கான நூலகத்தைத் திறக்கப் பக்கத்தில் வர வேண்டியிருக்கிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. திறந்து பார்த்துவிட்டே சொல்கிறேன்.

எங்களில் அநேகமாக யாரும் பகலில் நூலகம் வரக்கூடியவர்கள் அல்லர். ஒருவர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறார். ஒருவர் சுங்கச்சாவடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறார். நான் ஈரம் உலர்ந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறேன். எங்கள் எல்லோருக்கும் கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. காது மட்டும் சும்மா இருக்கிறது.

5. சனிக்கிழமைகளில் நூலகம் வரக்கூடியவர் எங்கள் வகுப்பில் ஒருவரே. அவர் என் மாமியார்.

அவரும் என் வகுப்பில்தான் படிக்கிறார். நான் விண்ணப்பம் வாங்கப் போனபோது துணைக்கு வந்தவர், வரிசையில் நின்ற நேரத்தில் கையேட்டை முழுதாகப் படித்து முடித்து, "நீ படிக்கறத நான் படிக்க மாட்டேனா?" என்று தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். பணி ஓய்வு பெறும்வரை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஒலிபெருக்கி பழுதான நாட்களிலும் கடைசி நடைமேடைவரை அவர் குரல் கேட்குமாம். இதை அவரே எங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

6. வாசிப்புக் கூடத்தில் சத்தமாகப் படிக்க முடியாது. அதன் பின்னால், கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பைண்டிங் அறை ஒன்று உண்டு. தைப்பவர் போய்ப் பல காலம் ஆகிறது. பசை டப்பாவும் ஒரு நீள மேசையும் மட்டும் இருந்தன. நூலக உதவியாளர் அம்மாவிடம் என் மாமியார் நிலைமையைச் சொன்னார். அவர் அறையைத் திறந்துவிட்டு, "அமைதி காக்கவும்னு போர்டு அங்கதான் இருக்கு. இங்க போர்டு எதுவும் இல்லை. நீங்க பாட்டுக்குப் படிங்கம்மா" என்றார். புத்தகம் நூலகத்தை விட்டு வெளியே போகவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. என் மாமியார் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, செல்போனில் பதிவுசெய்து, எங்கள் மாணவர்களின் செல்போன் குழுவுக்கு அனுப்பினார். அந்தப் பதிவுகள் குழுவைத் தாண்டிப் போனதில்லை.

7. இப்படித்தான் நாங்கள் படித்தோம். ஒவ்வொரு அத்தியாயமும், "மாணவர்களின் கனிவான கவனத்திற்கு, அதிகாரப் பரவலாக்கம் பற்றிய அத்தியாயம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று தொடங்கும். முதல் வாரம் சிரித்தோம். பிறகு அந்தக் குரல் கேட்காவிட்டால் பாடம் ஏறாது என்று ஆகிவிட்டது. லாரி ஓட்டும் அண்ணன் மேட்டில் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் கேட்பாராம். எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்குமாம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்கும் என் மாமியாருக்கும் பேச்சு குறைவு. சண்டை என்று இல்லை. அவர் ஆரம்பித்தால் எனக்கு அடுத்த அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். அப்படிப்பட்ட நான், சலவைப் பிரிவில் நாள் முழுவதும் அவரைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றேன். இடையில் அவர் இருமுவது, தண்ணீர் குடிப்பது, கடினமான வார்த்தை வந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வது எல்லாம் கேட்டேன். எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்.

8. இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில், பதவி வழியாக வரும் உரிமையே அதிகாரம் என்று நூல் சொல்கிறது. என் மாமியார் அதைப் படித்தார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எழுதி வைத்ததைப் படிக்கிறாரா, மனத்தில் பட்டதைச் சொல்கிறாரா என்று பேருந்து நிலையத்தில் அவர் மேலதிகாரிகளுக்கே தெரிந்ததில்லையாம். எங்கள் மாணவர்களுக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் அது புத்தகத்தில் இருக்கிறது என்றே நம்பினார்கள். நூலின் மற்ற வரிகள் மறந்துபோய், நூலில் இல்லாத வரி மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. இதற்கு நூலாசிரியர் வருத்தப்படலாம். மாணவர்களைத் தண்டிக்க முடியாது.

9. நான் ஏன் எழுதவில்லை என்று குழு கேட்டது. பதிலை இப்போது சொல்கிறேன். அந்த வாக்கியத்தில் வருவது எங்கள் வீடு.

எங்கள் வீட்டில் பீரோ, மாடிக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி என எல்லாச் சாவிகளும் என் மாமியாரின் அறையில் ஓர் ஆணியில் தொங்கும். முன்பு அவரைக் கேட்காமல் அதில் யாரும் கை வைத்ததில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த சில காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. என் கணவர் அலமாரிமுன் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, "சாவி எங்க?" என்பார். மாமனாரும் அப்படியே. ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மாமியாரைத் தாண்டி, சமையலறையில் இருக்கும் என்னைக் கேட்பார்கள். நான் இங்கிருந்தே, "ஆணியில" என்பேன். எனக்கு அது எரிச்சலூட்டும் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். அவருக்கு அது வேறு என்னவோவாக இருந்திருக்கிறது என்பது, விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தபோது காதில் கேட்ட அந்த வாக்கியத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. குடும்பத்தைப் பாடத்தில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாரே என்று சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது, செத்தாலும் அதை எழுதுவதில்லை என்று நூலில் உள்ள விளக்கத்தையே எழுதினேன். குழு சொல்லும் சுத்தம் நேர்மையால் வந்ததல்ல ஐயா, வீம்பால் வந்தது.

10. காப்பி என்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதுவது. என் மாமியாரும் தம் விடைத்தாளில் அதே வாக்கியத்தை எழுதியிருக்கிறார். அது அவருடைய சொந்த வாக்கியம். தாம் சொன்னதைத் தாமே எழுதியவர் யாரைப் பார்த்து எழுதினார் என்று குழு விளக்க வேண்டும். மற்றவர்களோ ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. லாரி அண்ணன் வேறு தேர்வுக் கூடத்தில் எழுதினார். அவர்கள் பாடம் கேட்ட இடம் ஒன்று; அதனால் எழுதியதும் ஒன்று. வகுப்பில் ஆசிரியர் ஓர் உதாரணம் சொல்லி, அதை நேரடி மாணவர்கள் எல்லோரும் எழுதினால், நல்ல ஆசிரியர் என்கிறோம். எங்களுக்கு ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. ஒரு குரல் இருந்தது.

11. பார்வை (ஆ)-வில் கண்ட திருப்தி ஆய்வு பற்றி. தேர்வுக்கு முன் எங்களுக்கு ஒரு தாள் வந்தது. "நூலகச் சேவையில் தாங்கள் எந்த அளவுக்குத் திருப்தி அடைந்துள்ளீர்கள்?" என்று கேட்டு எதிரே சில கட்டங்கள். நாங்கள் எல்லோரும் "மிகவும் திருப்தி" என்று குறித்தோம். நூலகத்தின் படியை மிதித்தே பார்க்காத லாரி அண்ணனும் அப்படியே குறித்தார். கேட்டதற்கு, "அந்த அறையைக் குடுத்த அம்மாவுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதும்மா" என்றார்.

ஆய்வின் முடிவில், நேரடி மாணவர்களைவிடத் தொலைநிலை மாணவர்களே அதிகத் திருப்தியுடன் இருப்பதாக வந்தது. மகிழ்ச்சி. ஆனால் கூடுதல் பிரதிகள் கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம், அந்த முடிவைக் காரணம் காட்டியே திரும்பி வந்தது. மரியாதைக்காக வயிறு நிறைந்தது என்று சொன்னவரின் தட்டை எடுத்துக்கொண்டு போனதுபோல் ஆயிற்று. எங்கள் திருப்தி நூலகத்தைப் பற்றியதல்ல. நூலகம் தராததை எங்களுக்குச் செய்து தந்த இரண்டு பெண்களைப் பற்றியது. அவர்களுக்கான கட்டம் அந்தத் தாளில் இல்லாததால், கிடைத்த கட்டத்தில் குறித்தோம்.

12. இப்போது அந்த இருவரின் நிலை. சனிக்கிழமைகளில் பின்னறையிலிருந்து குரல் கேட்டது தெரிந்து, சதி அங்கேதான் நடந்திருக்கும் என்று அறை பூட்டப்பட்டது. நூலக உதவியாளர் அம்மா புத்தகக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே யாரும் வருவதில்லை என்று கேள்வி.

என் மாமியார் படிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த பருவப் பாடங்கள் வந்து பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. எங்கள் மாணவர் குழுவில் யாரும் கேட்கவும் துணியவில்லை. வீட்டிலும் பேச்சு இல்லை. முன்பெல்லாம் சோறு வெந்ததைக்கூட அறிவிப்பாகச் சொல்வார். நான் முகம் சுளிப்பேன். இப்போது வீடு பேருந்து ஓடாத நிலையம் மாதிரி இருக்கிறது. விசாரணைக் குழு என்னை அழைத்ததைச் சொன்னபோது, "என் பேரைச் சொல்லிடும்மா. லாரித் தம்பிக்கு இடுப்பு போயிடுச்சு, டிகிரி வந்தாத்தான் ஆபீஸ்ல உட்கார வெப்பாங்க. எனக்கு டிகிரி வந்து எந்த வேலைக்குப் போகப் போறேன்?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வழக்கமான சத்தம் அதில் இல்லை.

அவர் சொன்னபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாய்விட்டுப் படித்தவர் அவர் ஒருவரே. நாங்கள் எல்லோரும் தேறி அவர் மட்டும் தேறாமல் போனால், அந்தப் பட்டத்தை வாங்கி எந்தச் சுவரில் மாட்டுவது?

13. எனவே குழு கேட்ட ஒரே ஒரு பெயரை, குற்றம் செய்தவர் பெயராக நான் தர மறுக்கிறேன். வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தின் ஒலிப்பதிவை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்களே கேட்க வேண்டும். நாற்காலி நகரும் சத்தம், பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம், அதன் பின் அந்த வாக்கியம் வரும். நூலை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டால், நூல் எங்கே நிற்கிறது, என் மாமியார் எங்கே தொடங்குகிறார் என்பது விளங்கிவிடும். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

14. தங்களிடம் வேண்டுவன:
நிறுத்தி வைத்த முடிவுகள் அனைத்தையும், என் மாமியாருடையது உட்பட, வெளியிட வேண்டும். அந்த வாக்கியம் நூலில் இல்லாததால் அதற்கு மதிப்பெண் தர முடியாதென்றால் தர வேண்டாம். மற்ற வரிகளுக்குத் தரலாம். நூலக உதவியாளர் அம்மாவைப் பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டும். பரிந்துரை நூலுக்கு இன்னொரு பிரதியாவது வாங்க வேண்டும். அடுத்த ஆய்வில், எதனால் திருப்தி என்று எழுத இரண்டு வரி இடம் விட வேண்டும். பைண்டிங் அறையைத் திறந்துவிட வேண்டும்.

15. கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அறையின் சாவியைக் கேட்டு நானே போனேன். காவலாளி நூலகத்தைக் கேட்கச் சொன்னார். நூலகத்தில் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அலுவலகத்தில் சாவி எழுத்தர் தலைக்கு மேலே ஆணியில் தொங்குவதைக் கண்ணால் பார்த்தேன். அவரோ அது தங்கள் உத்தரவில் இருப்பதாகச் சொன்னார். தங்கள் அறையில் தாங்கள் இல்லை. தங்கள் உதவியாளர் விசாரணைக் குழுவைக் கேட்கச் சொன்னார். குழுவில் தேநீர் தந்த அதே அதிகாரி, "சாவி விஷயம் எங்களுக்கு வராதும்மா" என்றார். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதைக் கேட்க வேண்டிய ஆள் யார் என்றுதான் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்கு அந்த வாக்கியம் முதல் முறையாகக் கோபமில்லாமல் விளங்கியது. தேர்வில் எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

16. ஆகவே ஒன்று. பக்கத்தில் பார்த்து எழுதுவதுபோல அந்த வாக்கியத்தை இந்த மனுவில், மேலே இரண்டாம் பத்தியில், என் கைப்பட எழுதியிருக்கிறேன். அதை எழுதுவது குற்றம் என்றால் இப்போது நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவள். மற்றவர்களின் முடிவு வெளியாகும்வரை என் முடிவையும் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேறியதற்கான சான்றைக் காட்டித்தான் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவிக்கு நான் விண்ணப்பிக்க வேண்டும். யோசித்தே கேட்கிறேன்.

தாங்கள் ஒலிப்பதிவைக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். காதில் மாட்டிக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இடம்: பைண்டிங் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: அறை பூட்டப்பட்ட பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை

இப்படிக்கு,
முடிவு வந்துவிட்ட மாணவி
(ஒப்பம்)

இணைப்பு: அடையாள அட்டை நகல்; ஐந்தாம் அத்தியாய ஒலிப்பதிவு.

குறிப்பு: இந்த மனு, அனுப்பும் முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துச் சரிபார்க்கப்பட்டது. படித்தவர் என் மாமியார். "இயக்குநர் அவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கித்தான் படித்தார். தெருமுனைவரை கேட்டிருக்கும். இதில் ஒரு வாக்கியம் அவர் படித்துக்கொண்டே சேர்த்தது. நன்றாக இருந்ததால் எழுதிக்கொண்டேன். எது என்று நான் சொல்வதாக இல்லை.